சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்கு

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், மாத்தூர், படப்பை பக்கமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல். பிள்ளைக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுக்கப் போக, அது அழுகையிலும் கோபத்திலும் முடிந்திருக்கிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க சைக்கிள் பழக்கினேன். கடைசியில் சைக்கிளைத் தள்ளிவிட்டு, "எனக்கு வராதுப்பா, இனிமே தொடவே மாட்டேன்" என்று அழுதுவிட்டான். எதிர்வீட்டு ஐந்து வயதுப் பையன் பறக்கிறான். என்ன செய்வது?
— கார் ஆலை ஊழியர், ஒரகடம்

பதில்: முதலில் எதிர்வீட்டுப் பையனை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவன் பறப்பதால் உங்கள் மகன் ஒரு முழம்கூட முன்னே போகப் போவதில்லை. அடுத்தது, அந்த 'ஞாயிற்றுக்கிழமை முழுக்க'. கோளாறு அங்கேதான்.

உங்கள் ஆலையில் புதிதாகச் சேரும் பையனை முதல் நாளே ஓடுகிற லைனில் நிறுத்துவார்களா? மாட்டார்கள். டோஜோவுக்கு அனுப்புவார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தப் பக்கத்துக் கார், லாரி, உதிரிபாக ஆலைகள் பலவற்றில் அப்படி ஒரு பயிற்சிக்கூடம் உண்டு. ஒரு மேசை, அதன்மேல் ஒயர் சொருகும் கனெக்டர் மட்டும். தள்ளு, 'கிளிக்' சத்தம் வருகிறதா கேள், லேசாக இழுத்துப் பார். அந்த மேசையில் பாடம் அவ்வளவுதான். அடுத்த மேசையில் போல்ட் முடுக்குவது. டார்க் ரென்ச் 'டக்' என்றதும் நிறுத்தக் கை பழக வேண்டும். எல்லாம் தனித்தனி. லைன் ஓடாது, பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்கும். ஒவ்வொரு பெயருக்கு நேரிலும் நான்காகப் பிரித்த வட்டம். கால் வட்டம் நிரம்பியிருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்துவிடுவார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார். கால் வட்டத்தில் நிற்கிறவரைப் பார்த்து யாரும் "உனக்கு வராது" என்று எழுதி வைப்பதில்லை. வட்டத்தில் அதற்கு இடமே கிடையாது.

இந்த முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசர அவசரமாக ஆள் பழக்க வேண்டியிருந்தது. சார்லஸ் ஆலன் என்பவர் நான்கு படி வகுத்து, 1919-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவனைச் செய்யவிட்டுப் பார், பிறகு தேறிவிட்டானா என்று சோதித்துப் பார். இரண்டாம் உலகப் போரில் இது பெரிய பயிற்சித் திட்டமாக விரிந்து, அப்புறம் ஜப்பானுக்குப் போய், கார் ஆலைகளுக்குள் நுழைந்து உலகமெல்லாம் பரவியது. கற்றவனுக்கு வரவில்லை என்றால் கற்றுத்தந்தவர் தன் பாடத்தைத் திருத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நீங்கள் மகனுக்குக் கொடுத்ததோ ஒரே நேரத்தில் ஐந்து வேலை. சாயாமல் இருக்க வேண்டும், மிதிக்க வேண்டும், ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும், பிரேக்கைத் தேட வேண்டும், அப்பா கத்துவதையும் கேட்க வேண்டும்.

பிரித்துக் கொடுங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15-ஆம் எண் ஸ்பேனர் போதும். வலப்பக்கப் பெடல் வழக்கமான மரை. இடப்பக்கம் மரை தலைகீழ். வழக்கமாக முடுக்குகிற திசையில் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அடுத்து சீட்டை இறக்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். இப்போது உங்கள் முன்னால் நிற்பது 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டி. இருசக்கர வண்டி பெடல் இல்லாமல்தான் பிறந்தது. தரையைக் காலால் உந்தி உந்தித்தான் போனார்கள்.

முதல் பாடம், சீட்டில் உட்கார்ந்தபடி நடப்பது. அன்றைக்கே பிரேக்கையும் பழக்கிவிடுங்கள். நிறுத்தத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அடுத்தது, நீளமாக உந்திவிட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உருள்வது. லேசான சரிவு கிடைத்தால் நல்லது. செங்குத்தான இறக்கம் வேண்டவே வேண்டாம். காலைத் தரையில் படாமல் வைத்துக்கொண்டு அவன் ஒரு வளைவு திரும்பிவிட்டான் என்றால், சாயாமல் இருப்பது வந்துவிட்டது. பெடலை மாட்டுங்கள். மிச்சமிருப்பது மிதிப்பது மட்டும்.

ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். "இன்னும் ஒரு ரவுண்டுப்பா" என்று அவன் கேட்கும்போதே நிறுத்துங்கள். மிச்ச வேலையைத் தூக்கம் பார்த்துக்கொள்ளும். விரல்களை ஒரு வரிசைப்படி வேகமாகத் தட்டும் பயிற்சியைப் பெரியவர்களுக்குக் கொடுத்து, 2002-இல் மேத்யூ வாக்கர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள், நடுவில் பயிற்சியே செய்யாமல், சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். நேற்று வராதது இன்று காலையில் வருவதைப் பல பெற்றோர் பார்த்திருப்பீர்கள்.

இனி அந்த அழுகை. அந்த நிமிடத்தில் பாடம் எதுவும் ஏறாது. ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். "கஷ்டமாத்தான்டா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். "இதுக்குப் போய் அழறியா" என்று மட்டும் கேட்காதீர்கள். சைக்கிளே வேண்டாத பிள்ளை அழாது, பேசாமல் போய் டிவி பார்க்கும். உங்கள் மகன் அழுதிருக்கிறான் என்றால் அவனுக்கு அது வேண்டும், ரொம்பவே வேண்டும்.

கேள்வி: பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி என் முதுகு போய்விட்டது. எங்கே பிடிப்பது, எப்போது விடுவது?
— ஓர் அப்பா, சுங்குவார்சத்திரம்

பதில்: ஹேண்டில்பாரைப் பிடித்தால் வண்டி ஓட்டுவது நீங்கள், பிள்ளை வெறும் பயணி. சீட்டைப் பிடித்தால் சாய்வதை அவன் உணர்வதற்கு முன்பே நீங்கள் சரிசெய்துவிடுவீர்கள். இரண்டு அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். வண்டியை அவன் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுவதைப் பற்றி ஒன்று. "விட மாட்டேன்டா, பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே விட்டுவிடுகிற பழக்கம் நம் அப்பாக்களுக்கு உண்டு. வேண்டாம். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்தால், முட்டியோடு சேர்ந்து உங்கள் வார்த்தையும் அடிபடும். "மூணு எண்ணுவேன், அப்புறம் விடுவேன், பக்கத்துலயே ஓடி வருவேன்" என்று சொல்லிவிட்டு விடுங்கள். அடுத்த தடவை எப்போது விட வேண்டும் என்று அவனே சொல்வான்.

கேள்வி: சைடு வீல் மாட்டலாமா?
— ஒரு வாசகி, மாத்தூர்

பதில்: மிதிக்கப் பழகுவதற்கு உதவும். சாயாமல் இருக்கப் பழகுவதற்கு உதவாது, ஏனென்றால் அது வண்டியைச் சாயவே விடாது. கழற்றிய அன்று பிள்ளை முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்தக் காசுக்கு ஒரு ஹெல்மெட் வாங்குங்கள்.

கேள்வி: ஓடும்போது சைக்கிள் நிற்கிறது, நின்றால் விழுந்துவிடுகிறது. ஏன்?
— நான்காம் வகுப்பு மாணவி, வல்லம்

பதில்: பெரிய பெரிய விஞ்ஞானிகளே சண்டை போட்ட கேள்வி, கண்ணு. சக்கரம் வேகமாகச் சுழல்வதுதான் காரணம் என்று ரொம்ப காலம் சொல்லி வந்தார்கள். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், எதிர்ப்பக்கமாகச் சுழலும் இன்னொரு சக்கரத்தைச் சைக்கிளில் மாட்டி, அந்தச் சுழற்சியின் பலனை இல்லாமல் ஆக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். அப்போதும் ஓட்ட முடிந்தது! 2011-இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து அந்தப் பலனே இல்லாத ஒரு வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். மேலே ஆளே இல்லாமல் அது விழாமல் உருண்டது.

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருக்கிறாயா? அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்துவாய் இல்லையா? சைக்கிளிலும் அதுதான் நடக்கிறது. சாய்கிற பக்கமே முன்சக்கரம் கொஞ்சம் திரும்பினால், சக்கரம் ஓடிப்போய் உன் எடைக்குக் கீழே நின்றுகொள்ளும். நிற்கிற வண்டியால் அப்படி ஓடிப்போக முடியாது, அதனால் விழுந்துவிடுகிறது. ஆகவே இடது பக்கம் சாய்ந்தால் இடது பக்கமே லேசாகத் திருப்பு. பயத்தில் எதிர்ப்பக்கம் இழுக்காதே. கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தில் வை. அப்பாவிடமும் இதைச் சொல்லிக்கொடு.

கேள்வி: மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது. வாரம் ஒரு நாள்தான் மகளோடு இருக்க முடிகிறது. அன்றைக்கே மொத்தமாகக் கற்றுக்கொடுத்தால் என்ன?
— உதிரிபாக ஆலை ஊழியர், இருங்காட்டுக்கோட்டை

பதில்: பிரிட்டிஷ் அஞ்சல் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு பழக்கியபோது இதே கேள்வி எழுந்தது. பேட்லி, லாங்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள், தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்திலேயே கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் அதிருப்தியும் அதிகம், முடிக்க நாள் கூடுதலாக ஆகிறதே என்று. உங்கள் மனக்குறையும் அதே வகைதான். நாள் கூடினாலும் பரவாயில்லை, சின்னச் சின்னத் துண்டுகளாகவே கொடுங்கள். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஆறரை மணி உங்களுடையது. முதல் ஷிஃப்ட் வாரத்தில் மாலை வெயில் தாழ்ந்ததும் இருபது நிமிடம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் மட்டும் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். தூக்கம் கெட்ட அப்பாவின் குரலில் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் வராது.

கேள்வி: மகள் பிளஸ் ஒன். பள்ளியில் கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. இந்த வயதில் விழுந்து எழுந்து கற்றால் தெருவே சிரிக்கும் என்கிறாள். நடந்தேதான் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள்.
— ஒரு தாய், வல்லக்கோட்டை அருகில்

பதில்: அவளுக்குப் புதுக்கோட்டைக் கதையைச் சொல்லுங்கள். 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடுபிடித்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு சைக்கிளையும் சேர்த்தால்தான் பெண்கள் நாலு இடத்துக்குப் போய்வர முடியும் என்று அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் நினைத்தார். வயல் வேலை செய்கிறவர்கள், கல்குவாரியில் கல்லுடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று இறங்கினார்கள். பிள்ளை பெற்றவர்கள், புடவை கட்டியவர்கள், அதுவரை சைக்கிளைத் தொட்டே பார்க்காதவர்கள். ஊர் சிரிக்கத்தான் செய்தது, ஆபாசமாகப் பேசியவர்களும் உண்டு. அவர்கள் ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாக அங்கே போய்ப் பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள்.

உங்கள் வீட்டில் நிற்கிற சைக்கிளும் சும்மா வந்துவிடவில்லை. 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2005-06-இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரிந்தது. பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் தூரத்தைச் சுருக்கத்தான் அரசாங்கம் அதைக் கொடுத்தது.

வழி அதே வழிதான். பெடலைக் கழற்றி, சீட்டை இறக்கி, முதலில் உருளப் பழகட்டும். பதினாறு வயதுக்குத் தனிப் பாடம் இல்லை. கூடவே அவளைப் போல ஓட்டத் தெரியாத தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொள்ளட்டும். வகுப்பில் அப்படி ஒருத்தியாவது இருப்பாள், அவளும் வெளியே சொல்லாமல் நடந்துகொண்டிருப்பாள். இரண்டு பேர் சேர்ந்து விழுந்தால் தெரு சிரிப்பதற்கு முன்னால் அவர்களே சிரித்துவிடுவார்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் இடது கைக்காரி. ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் காலையில் ஷூவை எறிகிறாள். பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. பாட்டியோ வலது கையால்தான் கட்ட வேண்டும் என்கிறார்.
— ஒரு தாய், படப்பை

பதில்: பாட்டியிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், கையை மாற்ற வேண்டாம். நீங்கள் வலது கைக்காரர் என்றால் மகளுக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள். உங்கள் வலது கை செய்வதை, கண்ணாடியில் பார்ப்பதுபோல, அவளுடைய இடது கை அப்படியே செய்யும்.

அடுத்து, பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முடிச்சு, வளையம், சுற்று எல்லாவற்றையும் நீங்களே போட்டு, இரண்டு காதையும் இழுத்து இறுக்குவதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசிக்கு முந்தைய படியிலிருந்து அவள் செய்யட்டும். இப்படியே பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு தடவையும் கட்டி முடிப்பவள் அவளாகவே இருப்பாள், முடித்த சந்தோஷமும் அவளுக்கே. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் பிள்ளைகளுக்குச் சட்டை போடவும் பட்டன் மாட்டவும் பழக்குவது இந்த முறையில்தான். ஆனால் காலை ஏழே முக்காலுக்கு வேண்டாம். வேன் நிற்கும் நேரத்தில் நீங்களே கட்டிவிடுங்கள், பாடம் சாயங்காலத்துக்கு.

கேள்வி: எங்கள் காலத்தில் கிணற்றில் தூக்கிப் போட்டார்கள், நீந்தினோம். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத்தான் இத்தனை கொஞ்சல்.
— ஓய்வுபெற்ற பெரியவர், பிள்ளைப்பாக்கம்

பதில்: ஐயா, நீந்தியவர்கள் மட்டும்தான் இன்றைக்குக் கதை சொல்ல இருக்கிறார்கள்.

உங்கள் காலத்திலேயே இன்னொரு வழியும் இருந்தது, உங்களுக்கே நினைவிருக்கும். காய்ந்த சுரைக்குடுக்கையையோ தேங்காய் நெற்றுகளையோ முதுகில் கட்டி இறக்குவார்கள், கயிறு மேலே ஒருவர் கையில் இருக்கும். பழகப் பழகக் குடுக்கை போகும், கயிறு போகும். பதறாமல், படிப்படியாகக் கைவிட்ட அந்தப் பெரியவர்களும் நம் ஆட்கள்தான். அவர்கள் வழியைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஏரியிலோ கைவிட்ட கல்குவாரித் தண்ணீரிலோ பிள்ளைக்கு நீச்சல் பழக்காதீர்கள். மண் அள்ளிய ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை முழுங்கும் பள்ளமாக இருக்கும், மேலிருந்து தெரியாது. பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் இருக்கும் நீச்சல்குளம்தான் சரி.

கேள்வி: இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பார்த்ததிலிருந்து பதின்மூன்று வயது மகன் என் ஸ்கூட்டரைக் கேட்டு அடம்பிடிக்கிறான். எங்கள் தெருவுக்குள் மட்டும் ஓட்டட்டுமே?
— ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: கூடாது. தெருவும் பொதுச்சாலைதான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உங்கள் மகன் பார்த்தது 1990-இல் திறந்த, 3.7 கிலோமீட்டர் நீளத் தனிப் பாதை. எதிரே லாரி வராது, கொடி காட்ட ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். அவனை உட்கார வைத்து அதைச் சொல்லுங்கள். வேகம் பிடித்த பிள்ளைக்கு நல்ல சைக்கிளும் திறந்த மைதானமும் கொடுங்கள்.

கேள்வி: மகன் என் அம்மாவிடம் செஞ்சிப் பக்கம் ஊரில் இருக்கிறான். ஸ்கிப்பிங் பழகுகிறான், வரவில்லை என்று போனில் அழுகிறான். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
— மின்னணு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாய், சுங்குவார்சத்திரம்

பதில்: நிறையச் செய்யலாம், அம்மா. அவன் குதிப்பதைப் பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ செல்போனில் எடுத்து அனுப்பட்டும். பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். ஸ்கிப்பிங்கில் அநேகமாகக் கோளாறு இரண்டு இடத்தில் இருக்கும். கயிறு நீளமாக இருக்கும். நடுவில் மிதித்தால் பிடி அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். இரண்டாவது, கயிறு வருவதற்கு முன்பே குதித்துவிடுவான். கயிறே இல்லாமல் கைதட்டலுக்குக் குதிக்கச் சொல்லுங்கள், தட்டுவது போனில் நீங்கள். பிறகு கயிற்றை மடித்து ஒரு கையில் பிடித்துப் பக்கத்தில் சுழற்றிக்கொண்டே, அது தரையைத் தட்டும்போது குதிக்கட்டும். அப்புறம்தான் கயிற்றுக்குள்.

அந்த வீடியோக்களை அழிக்காதீர்கள். "எனக்கு வரவே இல்ல" என்று அவன் அழும் நாளில் முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். தினமும் கூடவே இருப்பவர்களின் கண்ணில் படாத முன்னேற்றம் தூரத்தில் இருக்கும் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். பிள்ளையை விட்டுவிட்டு வந்து உழைக்கிறோமே என்ற ஏக்கம் உங்கள் வரிகளில் இருக்கிறது. அவனுக்குத் தாளம் போடுவது நீங்கள்தான், அதை மறக்காதீர்கள்.

கேள்வி: வளையத்துக்குள் பந்து எறிவதை ஒரே தூரத்தில் நிற்க வைத்துப் பழக்குகிறேன். சரிதானே?
— உடற்பயிற்சி ஆசிரியர், ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியம்

பதில்: தூரத்தை மாற்றிப் பாருங்கள். 1978-இல் கெர், பூத் என்ற ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் மூன்றடி தூரத்தில் இருந்தே சின்ன மூட்டைகளை எறிந்து பழகியது. இன்னொரு கூட்டம் இரண்டடியிலும் நான்கடியிலும் மாறி மாறிப் பழகியது. தேர்வு வைத்ததோ மூன்றடியில். ஜெயித்தது, மூன்றடியில் ஒரு தடவைகூடப் பழகாத இரண்டாவது கூட்டம். மாற்றிப் பழகும்போது தவறு அதிகமாகும், பிள்ளை சலித்துக்கொள்ளும். அந்தத் தவறுகளில்தான் கை கணக்குப் போடக் கற்கிறது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் ரோபோ கைகளே எல்லாம் செய்கின்றன. பிள்ளைகளுக்குக் கைத்திறன் எதற்கு, கம்ப்யூட்டர் போதாதா?
— ஒரு டெக்னீஷியன், ஒரகடம்

பதில்: எல்லாம் செய்கின்றனவா? பொதுவாகக் கார் ஆலைகளில் பாடி வெல்டிங்கிலும் பெயின்ட் ஷாப்பிலும்தான் ரோபோ நிறைந்திருக்கும். கடைசி அசெம்பிளிக்கு வந்து பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒயரைத் தடவிப் பிடித்துச் சொருகுவது மனிதக் கைதான். கணினியைச் செக்கர்ஸ் ஆட வைப்பது சுலபம், ஒரு வயதுக் குழந்தையின் நடமாட்டத்தையும் புலனுணர்வையும் அதற்குக் கொடுப்பது கடினம் என்று ரோபோ அறிஞர் ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே எழுதிவிட்டார். உங்கள் பிள்ளை சட்டைப் பட்டனோடு போராடுகிறான் என்றால் சின்ன வேலையோடு போராடவில்லை.

கேள்வி: எவ்வளவு பழக்கியும் வரவில்லை. ஒன்பது வயதாகிறது, பட்டன், கத்தரிக்கோல், பந்து பிடிப்பது, எழுத்து எல்லாமே தடுமாற்றம். படிப்பில் கெட்டி. சோம்பேறி என்கிறார்கள்.
— ஓர் அப்பா, வாலாஜாபாத்

பதில்: சோம்பேறி என்று சொல்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வேலை மட்டும் வராவிட்டால் பயிற்சியை மாற்றினால் போதும். நீங்கள் எழுதியதுபோல எல்லாவற்றிலும் தடுமாற்றம், அதுவும் சிறுவயதிலிருந்தே என்றால், உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருப்பதாக மருத்துவம் சொல்கிறது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் கண் பரிசோதனை. அடுத்து குழந்தை மருத்துவர், அவர் வழியாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அரசுத் தரப்பில், 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கே வருகின்றன. மேற்கொண்டு பார்க்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. பள்ளி ஆசிரியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். சீக்கிரம் போவது நல்லது.

கேள்வி: பிள்ளைகள் சைக்கிள் பழக எங்கள் ஊரில் இடமே இல்லை. ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ். பஞ்சாயத்தால் என்ன செய்ய முடியும்?
— ஒரு வார்டு உறுப்பினர், ஒரகடம் பக்கம்

பதில்: இத்தனை கடிதங்களில் நான் காத்திருந்த கேள்வி இது. நாட்டுக்கே வண்டி செய்து அனுப்புகிற ஊரில், பிள்ளை ஒரு சைக்கிளை உருட்ட இடமில்லை என்பது நியாயமே இல்லை.

சுற்றிப் பாருங்கள். பிளாட் போட்டு, தார் ரோடு இழுத்து, கல் நட்டு, வீடே எழும்பாமல் கிடக்கும் மனைப்பிரிவுகள் உங்கள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. சமமான ரோடு, போக்குவரத்து கிடையாது. நாயும் முள்ளும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர்களிடம் பேசி, விடுமுறை நாள் காலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். பள்ளி மைதானத்தைச் சனி, ஞாயிறு பூட்டி வைக்காமல் இருக்கத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சென்னையில் சில சாலைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளுக்கு மூடிப் பிள்ளைகளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். அதை இங்கேயும் செய்யலாம்.

சிப்காட் தொழிற்பேட்டை அதிகாரிகளுக்கும் ஆலை நிர்வாகங்களுக்கும் இந்தப் பக்கத்தின் வழியாகவே கேட்கிறேன். உங்கள் வளாகங்களுக்கு இடையே ஓடும் உள்சாலைகளில் ஒன்றை, லாரி குறைவாக ஓடும் ஞாயிறு காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மட்டும், இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து மூடிக் கொடுங்கள். இரண்டு காவலர்கள், ஒரு முதலுதவிப் பெட்டி, டோஜோவில் புதியவர்களுக்குப் பயிற்சி தரும் உங்கள் ஆட்களில் விருப்பமுள்ள நான்கு பேர். செலவு அவ்வளவுதான். அந்தச் சாலையை முதலில் திறக்கப் போவது எந்த ஆலை, எந்த ஊராட்சி என்று எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் அந்தப் பெயரை வெளியிடுகிறேன்.